ஆட்டின் சம்மதம்

திருத்தணியில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ஆப்பிரிக்கா வாத்தியார்’ என்று கேட்டால் பேருந்து நிலையத்தில் பூ விற்கிற அம்மாள்கூட வீட்டுக்கு வழி சொல்லிவிடுவாள். எழுபதுகளில் ஐந்து வருடம் ஜாம்பியாவில் கணக்குப் பாடம் நடத்திவிட்டுத் திரும்பியதற்கு ஊர் கொடுத்த பட்டம் அது. அங்கே என்ன சாப்பிட்டாய், பிள்ளைகள் படித்தார்களா, மனிதர்கள் எப்படி என்று ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியதுமே கேள்வி வந்துவிடும்.

“சார், சிங்கம் பாத்தீங்களா?”

பார்த்தேன் என்பேன். யானைக் கூட்டம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாவற்றையும் சொல்வேன். கத்தரி நின்றுவிடும். அடுத்ததாகக் காத்திருப்பவர் பேப்பரை மடித்து வைத்துவிடுவார். “சிறுத்தை?” என்று யாராவது கேட்டால் மட்டும், “அது கண்ணில் படவில்லை” என்று முடித்துக்கொள்வேன். அது பொய். சிறுத்தையைப் பார்த்திருக்கிறேன். நாற்பதடி தூரத்தில், அது சாப்பிடுவதையே பார்த்திருக்கிறேன். சிறுத்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது அதன் பசிக்குத் தின்றது.

நான் அங்கே போன கதை பெரிதில்லை. படிப்பை முடித்த பிறகு நான்கு வருடம், எந்த வாத்தியாராவது விடுப்பில் போனால் அந்த இடத்தில் நிற்கிற ஆளாக இருந்தேன். திருவாலங்காட்டில் இரண்டு மாதம், பள்ளிப்பட்டில் மூன்று மாதம், பொதட்டூர்பேட்டையில் ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது கொஞ்ச காலம். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பாடம் நடத்தி, சத்தம் பழகி, பிள்ளைகள் பெயர் மனத்தில் நிற்க ஆரம்பிக்கும்போது உரிய வாத்தியார் வந்துவிடுவார். பிள்ளைகள் எனக்கு ‘லீவு சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அந்தப் பெயரிலிருந்து தப்பிக்கத்தான் பேப்பர் விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட்டுக் கடல் தாண்டினேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியும் கூட வந்தாள்.

அது ஒரு தனியார் விடுதிப் பள்ளி. மூன்று வருட ஒப்பந்தம். மூன்றாவது வருடம் முடிகிற சமயத்தில், என்னை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வதா, கப்பலேற்றி அனுப்புவதா என்று நிர்வாகக் குழு கூடி முடிவு செய்ய வேண்டும். குழுவில் ஏழெட்டுப் பேர் இருந்தாலும் வாய் ஒன்றுதான் பேசும். அது பக்கத்துப் பண்ணைக்காரருடைய வாய். ஆங்கிலேயர். பல்லாயிரம் ஏக்கர் காட்டைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்தார். உள்ளே இருக்கிற மிருகங்களைப் பார்க்க அவருடைய நாட்டிலிருந்து விருந்தாளிகள் வந்து தங்குவார்கள். வீட்டுக்குள் நானும் மனைவியும் பேசும்போது அவரைத் ‘துரை’ என்போம்.

குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன்னால் துரை பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். “சனிக்கிழமை மனைவியோடு என் காட்டுக்கு வா. யாரை வைத்துக்கொள்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அதற்கு எங்கள் பக்கம் பல்லிளிப்பு என்று பெயர்.

வீட்டில் வந்து சொன்னதும் மனைவி சுவரைப் பார்த்தாள். சுவரில் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்து வெண்கலப் பாத்திரக் கடை காலண்டர், முருகன் படம் போட்டது. அவள் தம்பி வருடா வருடம் அனுப்புவான். அது கப்பலில் வந்து சேர்வதற்குள் தை மாதத் தாள்கள் வீணாகிவிடும்.

“சனிக்கிழமை கிருத்திகையாச்சே” என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் மாதக் கிருத்திகை விரதம் இருக்கிறவள். பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் வாயில் ஏதாவது போடுவாள்.

“விரதத்தோட வாயேன். சும்மா மிருகம் பாக்கத்தானே போறோம். அந்தாளு வாயால ஒரு வார்த்தை சொன்னாத்தான் நமக்கு ரெண்டு வருஷம்.”

“ஆங், போலாம்” என்றாள். நாங்கள் ஊர் திரும்பினால் நான் மறுபடியும் ‘லீவு சார்’ ஆகிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் ஜீப் வந்தது. செம்மண் சாலையில் ஒரு மணி நேரம். பண்ணை வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்து முகத்தில் படிந்த புழுதியைத் துடைத்து, பொட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் டையைச் சரிசெய்துகொண்டேன். முப்பத்தைந்து டிகிரி வெயிலில் டை கட்டிக்கொண்டு மிருகம் பார்க்கப் போனவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோதே எனக்கு அருவருப்பு தொடங்கிவிட்டது. நாலு சுவரிலும் தலைகள். முறுக்குக் கொம்பு மான், எருமை, காட்டுப் பன்றி என்று எல்லாம் கண்ணாடிக் கண்ணை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன. மூலையில் ஒரு யானையின் கால். முழங்காலுக்குக் கீழே அறுத்து, உள்ளே குடைந்து, அதில் கைத்தடிகளைச் செருகி வைத்திருந்தார்கள். நகங்களுக்குப் பாலிஷ் போட்டிருந்தது. தரையில் வரிக்குதிரைத் தோல் விரித்திருந்தது, வாலோடு. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, அதை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு நாற்காலிக்குப் போனாள். துரை எதிரில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தோலின் மேலேயே நடந்து போய்க் கைகுலுக்கினேன்.

விருந்தாளிகள் நாலு பேர். இரண்டு ஜோடி. நண்டு மாதிரி சிவந்து போயிருந்தார்கள். ஆளுக்கொரு கேமரா. திறந்த ஜீப்பில் எல்லாரும் ஏறினோம். எனக்குத் துரைக்குப் பக்கத்தில் முன் சீட்டு. பின்பக்கப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பண்ணை ஆள் ஒருவர் தொங்கிக்கொண்டு வந்தார். அந்த மண்ணின் ஆள், ஐம்பது வயதிருக்கும். அவர்தான் தூரத்தில் புல் அசைவதைப் பார்த்து மிருகம் எங்கே என்று சொல்கிறவர். வண்டியில் எனக்குப் பின்னால் அத்தனை பேர் இருக்க, எனக்கு முன் சீட்டு கிடைத்ததில் ஒரு பெருமை. இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நியாயமாகச் சொன்னால் காலை நன்றாகவே இருந்தது. மான் கூட்டம் சாலையைத் தாண்டித் தாண்டிக் குதித்தது. முள்மரத்துக்குப் பின்னால் ஒட்டகச்சிவிங்கி ஒன்று நின்றிருந்தது. தண்ணீர் குடிக்க முன்னங்கால்களை அகலமாக விரித்து, அவ்வளவு நீளக் கழுத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியபோது என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். “பாவம், தண்ணி குடிக்க எவ்ளோ பாடு படுது பாருங்க” என்றாள். ஜாம்பியாவுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் மலைப்படியில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற குரங்கைத் தவிர வேறு மிருகத்தை அவள் பக்கத்தில் பார்த்ததும் கிடையாது.

மத்தியானம் மரத்தடியில் சாப்பாடு. இரும்புச் சட்டத்தின் மேல் இறைச்சி வாட்டினார்கள். கொழுப்பு சொட்டச் சொட்ட நெருப்பு சீறியது. காலையில் எந்த மானைப் பார்த்து ‘ஆகா’ என்றார்களோ அதே சாதி மான். காலையில் படம் எடுத்த அதே விரல்களை நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள். ஒருத்தர் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டகச்சிவிங்கியின் கண்ணிமை எவ்வளவு அழகு என்று பேசினார். தாடையில் எண்ணெய் வழிந்தது. நான் கறி சாப்பிடாத ஆள் இல்லை. கிருத்திகை விரதமும் அவளுக்குத்தான், எனக்கில்லை. ஆனாலும் அவள் எதிரில் வெறும் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது, துரை தட்டில் போட்டதையெல்லாம் ‘பிரமாதம், பிரமாதம்’ என்று சொல்லித் தின்றேனே, அது பசிக்குத் தின்றதில்லை.

சாப்பாடு முடிந்ததும் துரை கையைத் தட்டினார். “இனிமேல்தான் முக்கியமானது. பொழுது சாய்கிற நேரத்தில் உங்களுக்குச் சிறுத்தை காட்டுகிறேன். என் காட்டில் இது தவறியதே இல்லை.”

கொஞ்ச தூரத்தில் புல் வேய்ந்த கொட்டகை ஒன்று இருந்தது. முன்பக்கம் தட்டி வைத்து, அதில் பார்ப்பதற்கு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். உள்ளே மெத்தை போட்ட நாற்காலிகள். எதிரே நாற்பதடியில் ஒரு மரம். அதன் அடியில் ஒரு முளைக்குச்சி. ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்தவர் பின்பக்கமாகப் போய் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளையில் பழுப்புத் திட்டு விழுந்த இளம் ஆடு. அது அவர் காலை உரசிக்கொண்டே வந்தது. கயிறு தேவையே இருக்கவில்லை. பண்ணையின் ஆடுகளை வளர்க்கிறவரும் அவர்தான் என்று அப்போது தெரிந்தது.

என் மனைவி, பால் கறக்கத்தான் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். “இது இன்னாத்துக்கு?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

“கட்டிப் போட்டா? உயிரோடயா? அது ஓடக்கூட முடியாதே.”

“அதான் இங்க வழக்கம் போல கீது.”

“நீங்க சொல்லுங்க. அவுத்து வுடச் சொல்லுங்க. கிருத்திகையும் அதுவுமா என்னால இதைப் பாக்க முடியாது. உங்க பேச்சுக்கு அவரு மதிப்புக் குடுப்பாரு இல்ல?”

இந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டாம். காலையிலிருந்து நான் முன் சீட்டில் உட்கார்ந்து வந்ததை அவள் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள். துரையிடம் போய், இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இல்லை என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ளவும் துணிச்சல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கணக்கு வாத்தியார் மூளை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கங்கையம்மன் ஜாத்திரைக்கு ஆடு வெட்டுவார்கள். சும்மா வெட்டிவிட முடியாது. ஆட்டின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால், அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், ஆடும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் கத்தி வைக்கக் கூடாது. மூன்று சொம்பு ஊற்றியும் அசையாமல் நின்ற ஆட்டைக் கோயில் பேருக்கு அவிழ்த்துவிட்டதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைத் துரையிடம் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்வது போலச் சொன்னேன். எங்கள் ஊரில் ஆட்டின் சம்மதம் இல்லாமல் அதைக் கொல்ல மாட்டோம், மூன்று தடவை கேட்போம், சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுவோம் என்றேன். தண்ணீர் ஊற்றுவது நானாகத்தான் இருக்கும். ஆட்டின் முதுகில், வால் பக்கமாக, மெதுவாக ஊற்றினால் இந்த வெயிலுக்கு அது சுகமாக நிற்கும், சிலுப்பாது. ஆடும் தப்பிக்கும், வேலையும் தப்பிக்கும், மனைவி முன்னால் என் மானமும் தப்பிக்கும். என் திட்டம் அதுதான்.

விருந்தாளிகளுக்கு ஒரே குதூகலம். “சம்மதமா! ஆட்டிடமா!” என்று ஒரு அம்மாள் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். எவ்வளவு அழகான நாகரிகம் என்றாள். துரை தொடையைத் தட்டிச் சிரித்தார். “நடத்து வாத்தியாரே, நடத்து! இன்றைக்கு உங்கள் முறைப்படியே ஆகட்டும்.”

மஞ்சள் வேண்டும் என்று எதற்குச் சொன்னேனோ. துரை சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். மஞ்சள் பொடி இல்லை. டப்பாவில் அடைத்து விற்கிற கறி மசாலாப் பொடியை, மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று, பீர் ஊற்றும் கண்ணாடிக் கூஜாவில் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்தார்கள். மிளகாயும் மல்லியும் மேலே மிதந்தன. எங்கள் அம்மனுக்கு முன்னால் செய்கிற காரியத்தைக் குழம்புத் தண்ணீரை வைத்துச் செய்யப் போகிறோம். அப்போதாவது நான் கூஜாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கேமராக்கள் எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன. டையைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி ஜீப்புக்குப் பக்கத்தில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உதடு அசைவது தோள் அசைவிலேயே தெரிந்தது. முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை முதுகில் ஊற்றினேன். ஆடு அசையவில்லை. விருந்தாளிகள் ‘ஓ’ என்றார்கள். இரண்டாம் தடவையும் வால் பக்கமாகவே ஊற்றினேன். தோல் ஒரு தரம் சுருங்கி விரிந்தது, அவ்வளவுதான். ஆடு, வளர்த்தவரின் கையை முகர்ந்துகொண்டு நின்றது. மார்பில் கை வைத்த அம்மாள் ஆட்டின் பக்கம் சேர்ந்துவிட்டாள். “அது மாட்டேன் என்கிறது, பாருங்கள்!” என்று கைதட்டினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இன்னும் ஒரு தடவைதான்.

துரை சிரித்துக்கொண்டேதான் பக்கத்தில் வந்தார். என் தோளில் கையைப் போட்டார். மற்றவர்கள் காதில் விழாத குரலில், “வாத்தியாரே, இவர்கள் நாளைக்குக் காலையில் ஊருக்குப் போகிறார்கள். சிறுத்தை பார்க்காமல் என் காட்டிலிருந்து யாரும் போனதில்லை. உன் சாமி என் சாயங்காலத்தைக் கெடுத்துவிடாதே?” என்றார். தோளை இரண்டு தடவை அழுத்தினார். குழுக் கூட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஜாத்திரையில் ஆடு வெகு நேரம் சிலுப்பாமல் அடம்பிடித்தால் பூசாரிகள் செய்கிற ஒரு கைவேலை உண்டு. கூட்டத்துக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், ஆனால் பார்க்காதது போல இருந்துவிடுவார்கள். சொம்பைக் கொஞ்சம் சாய்த்து ஆட்டின் காதுக்குள் தண்ணீரை விட்டுவிடுவார்கள். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பியே தீரும்.

மூன்றாவது தடவை நான் காதில் ஊற்றினேன்.

மிளகாய்த் தண்ணீர். ஆடு தலையை உதறிய வேகத்தில் என் சட்டையெல்லாம் மஞ்சளாயிற்று. உதறிக்கொண்டே இருந்தது, நிறுத்தவில்லை. விருந்தாளிகள் கைதட்டினார்கள். ‘சம்மதம்! சம்மதம்!’ துரை என் முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன்.

ஆட்டை வளர்த்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் சட்டை முனையை எடுத்து, விரலில் சுற்றி, ஆட்டின் காதைத் துடைத்தார். உள்பக்கம் வரைக்கும் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நான் செய்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஆட்டைக் கொண்டுபோய் முளையில் கட்டினார். இன்னும் நாலு மணி நேரத்தில் சாகப் போகிற ஆட்டின் காதைத் துடைத்துவிட்ட அந்த ஆள் எங்கே, நான் எங்கே.

திரும்பிப் பார்த்தேன். மனைவி இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். ‘நல்ல வேளை, அவள் பார்க்கவில்லை’ என்று மூச்சு விட்டேன்.

“சிலுப்பிடுச்சா?” என்று திரும்பாமலே கேட்டாள்.

“ஆங். மூணாவது தடவை. நான் இன்னா பண்றது?”

அவள் கொட்டகைக்குள் வரவில்லை. ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கொடுத்த பீரைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை வழியாகப் பார்த்தேன். பொழுது சாயும்போது சிறுத்தை வந்தது. ஆட்டின் சத்தம் நடுவிலேயே நின்றுபோனது. பிறகு மெல்லுகிற சத்தமும் கேமராக்களின் ‘கிளிக்’கும்தான். பக்கத்து நாற்காலிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே வறுத்த கடலையை வாயில் போட்டு மென்றார். இரண்டு மெல்லுதலும் என் காதில் ஒன்றாக விழுந்தன. கொட்டகைக்குப் பின்னால் போய் மத்தியானம் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தேன். டையில் பட்டுவிட்டது. கழற்றிப் புதரில் எறிந்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்ப வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் எனக்கு இரண்டு வருடம் நீட்டிப்புக் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, எங்கள் பள்ளியில் இருந்த பஞ்சாபி விஞ்ஞான வாத்தியார் அந்தக் காட்டுக்குப் போய்வந்தார். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்கள் ஊர்ச் சடங்கை இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் நடத்துகிறார்கள், தெரியுமா? ‘இந்தியச் சம்மதம்’ என்று பெயர். அந்த ஆட்டுக்கார ஆள்தான் தண்ணீர் ஊற்றுகிறார். ஆடு ஒரு தடவைகூடத் தவறுவதில்லை!” என்றார்.

எங்கே ஊற்றுகிறார் என்று நான் கேட்கவில்லை. தவறுவதில்லை என்றால் எங்கே ஊற்றுகிறார் என்று எனக்குத் தெரியாதா? காதைத் துடைத்துவிட்டவரைக் காதில் ஊற்ற வைத்துவிட்டேன். என்னைப் போலவே அவரும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர்தான். வாரம் ஒரு ஆடு. இரண்டு வருடம். நான் கூட்டல் பெருக்கல் சொல்லிக்கொடுக்கிறவன். அந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று மாறியது. வெள்ளிக்கிழமைகளில் அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, சீயக்காய் கண்ணில் படாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. குளியலறையில் ஷவர் இருந்தது. அதில் குளிக்கப் பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வருடம் முடிந்து ஊர் திரும்பினோம். வந்த முதல் ஜாத்திரைக்கு, பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அவள் கிராமத்துக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று அத்தை, என் மாமியார், கங்கையம்மனுக்கு ஆடு வேண்டிக்கொண்டிருந்தார். குட்டியாக வாங்கி வளர்த்த கறுப்புக் கிடா. கழுத்தில் வேப்பிலை மாலை. பம்பைச் சத்தத்தில் காது அடைத்தது. என் மச்சான், அவள் தம்பி, மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான்.

“பாவா, உங்க பேருக்கு வேண்டிக்கினது. நீங்கதான் ஊத்தணும்.”

“நீயே ஊத்துப்பா” என்றேன்.

“அதெப்படிங்க? ஊரே பாத்துகினு நிக்குது.”

வாங்கிக்கொண்டேன். முதுகில் ஊற்றினேன். கிடா அசையவில்லை. மறுபடியும் முதுகில் ஊற்றினேன். அசையவில்லை. பம்பை வேகம் பிடித்தது. பெண்கள் குலவையிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது சொம்பும் முதுகில்தான். கிடா சும்மா நின்றது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. வெளிநாடு போய் வந்தவன் கை, அம்மன் ஏற்கவில்லை என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அத்தை கையைக் கூப்பிக்கொண்டு அழத் தொடங்கினார். மச்சான் நாலாவது சொம்பை என் கையில் திணித்தான்.

அப்போது என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“காதுல ஊத்துங்க. அன்னைக்கு ஜீப்புக் கண்ணாடியில நான் பாத்துகினுதானே நின்னேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதில் ஊற்றினேன். கிடா சிலுப்பியது. ஊர் முழுக்கக் குலவை எழுந்தது. அத்தை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மத்தியானம் பந்தியில் எனக்குத்தான் முதல் இலை. அவள்தான் கறி பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு முன்னால் கரண்டியோடு நின்று, “இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?” என்று கேட்டாள்.

பக்கத்து இலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போடு என்றேன்.